கண்மாயை வானத்திலிருந்து பார்ப்பது எப்படி: படம், அளவை, மனு – மதுரைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

நிலவில் விழுந்து நொறுங்கிய விக்ரம் லேண்டரின் சிதறலை நாசாவுக்குக் காட்டிக்கொடுத்தவர் மதுரையைச் சேர்ந்த சண்முக சுப்பிரமணியன் என்ற பொறியாளர். 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் தொடர்பு அறுந்த அந்த லேண்டர் விழுந்த பகுதியை நாசாவின் எல்ஆர்ஓ விண்கலம் செப்டம்பர் 17 அன்று படம் எடுத்தது, அந்தப் படத்தை நாசா பொதுவில் போட்டது, சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இவர் அதே இடத்தின் பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்துப் புள்ளி புள்ளியாகப் பார்த்தார். முன்பு இல்லாத ஒரு வெளிர்ப்புள்ளி கண்ணில் பட்டது. எழுதி அனுப்பினார். நாசா அக்டோபரிலும் நவம்பரிலும் எடுத்த படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு டிசம்பர் 2 அன்று அவர் பெயரைச் சொல்லி உறுதிசெய்தது.

அவரிடம் தனிக் கருவி எதுவும் இல்லை. இரண்டு படங்களும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளக்கூடியவை. நிலவின் தரையில் செய்த இந்த வேலையை மேலூர்ப் பக்கத்து மலையிலும், திருமங்கலத்துக் கண்மாயிலும், நகருக்குள் மாடக்குளத்திலும் வண்டியூரிலும் நீங்கள் செய்யலாம். ஊர்க் கண்மாய் சுருங்குகிறது, வரத்துக் கால்வாய் மறைகிறது, குன்று ஒன்று பாதி காணாமல் போகிறது என்று வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரு லேப்டாப், ஓரளவு இணையம், பொறுமை, இவை போதும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். படம் தானாகப் பேசாது. அதை வைத்து நீங்கள் என்ன சொல்கிறீர்கள், அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வியில்தான் பாதி மனுக்கள் விழுந்துவிடுகின்றன. இந்தக் கேள்வி நமக்குப் புதியதும் இல்லை. ஒன்றை எப்படி அறிந்தாய் என்று கேட்கும் துறைக்கு நம்மிடம் அளவை என்று பெயர் உண்டு. சைவ சித்தாந்திகள் காண்டல் (நேரில் காண்பது), கருதல் (கண்டதிலிருந்து ஊகிப்பது), உரை (நம்பத்தக்கவர் சொல்) என்று மூன்றை ஏற்றார்கள், பௌத்தர்கள் முதல் இரண்டே போதும் என்றார்கள், ஒன்று இல்லாமல் இருப்பதை அறிவதற்கே தனி அளவை வேண்டும் என்று வாதிட்டவர்களும் உண்டு. கண்மாய்ப் போராட்டத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். எனக்கு இவை இரண்டும் ஒரே வேலையாகத்தான் தெரிகின்றன. ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு வாக்கியம் எழுதுங்கள்

படத்தைத் திறப்பதற்கு முன்பே நோட்டில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். "எங்கள் கண்மாய் அழிகிறது" என்பது உதவாது, அதை யாரும் மறுக்கவும் மாட்டார்கள், ஏற்கவும் மாட்டார்கள். "2012-க்கும் 2024-க்கும் இடையில் கண்மாயின் வடகிழக்கு உள்வாயில் மண் கொட்டி நிரவப்பட்டிருக்கிறது" (உள்வாய் என்றால் கரைக்கு உள்ளே நீர் தேங்கும் தரை) என்று எழுதினால் அது சரியா தப்பா என்று யாராலும் சோதித்துப் பார்க்க முடியும். எங்கே, எப்போது, என்ன மாறியது, இந்த மூன்றும் வாக்கியத்தில் இருக்க வேண்டும். படம் பார்த்த பிறகு வாக்கியத்தை மாற்ற வேண்டி வந்தால் மாற்றுங்கள், ஆனால் பழையதை அடித்துவிட்டு அதன் கீழே புதியதை எழுதுங்கள், பழையது தெரியட்டும். நம் ஆசைக்கு ஏற்ப நாமே படத்தை வளைக்காமல் இருப்பதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

எந்தப் படம் எதைக் காட்டும்

இலவசமாகக் கிடைப்பவை நிறைய. கூகுள் எர்த் ப்ரோவை கம்ப்யூட்டரில் இறக்கினால் அதில் பழைய படங்களைப் பார்க்கும் ஸ்லைடர் இருக்கிறது. வீடு, மரம், லாரி வரை தெரியும், ஆனால் எந்தெந்த வருஷம் படம் இருக்கும் என்பது ஊருக்கு ஊர் மாறும். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்டினல்-2 படங்களை கோப்பர்நிகஸ் பிரவுசரில் பார்க்கலாம். 2015-இல் முதல் செயற்கைக்கோளும் 2017-இல் இரண்டாவதும் போனபிறகு சுமார் ஐந்து நாளுக்கு ஒரு படம் கிடைக்கிறது. அமெரிக்காவின் லேண்ட்சாட் 1972-இலிருந்து இருக்கிறது, 1980-களிலிருந்து 30 மீட்டர் தெளிவு, 2008-க்குப் பிறகு எல்லாமே இலவசம். இஸ்ரோவின் புவன் தளமும் இருக்கிறது. 1960-களில் அமெரிக்கா உளவு பார்க்க எடுத்த கொரோனா படங்கள் 1995-இல் வெளியே விடப்பட்டன, உங்கள் பகுதிக்கு ஏதாவது இருக்கிறதா என்று எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் தேடிப் பாருங்கள்.

இப்போது கணக்கு. இதைச் செய்யாமல் யாரும் மனு எழுத வேண்டாம். சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி என்பது 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது 100 சதுர மீட்டர். கிராம நிலங்களின் பரப்பு எழுதியிருக்கும் நம் 'அ' பதிவேட்டில் வரும் ஒரு ஏர் அளவும் அதேதான், ஏறக்குறைய இரண்டரை சென்ட். மூன்று சென்டில் கட்டிய ஒரு வீடு இந்தப் படத்தில் ஒரே ஒரு புள்ளியாகத்தான் வரும், அதுவும் பக்கத்துப் புள்ளிகளோடு கலந்து. லேண்ட்சாட் புள்ளி 900 சதுர மீட்டர், சுமார் 22 சென்ட். ஆகவே சென்டினலை வைத்துத் தனி வீட்டு ஆக்கிரமிப்பை நிரூபிக்கவே முடியாது, லேண்ட்சாட்டை வைத்து ஊரணியைக்கூட சரியாக அளக்க முடியாது. ஆனால் கண்மாயில் நீர் எவ்வளவு பரவுகிறது, கல்குவாரி எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது, உள்வாயில் பிளாட் போட்டு ரோடு இழுத்திருக்கிறார்களா, இவற்றுக்கு இவை அருமையான படங்கள். ஏக்கருக்கு நாற்பது சென்டினல் புள்ளிகள் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மே மாதப் படமும் டிசம்பர் படமும்

இந்த வேலை முழுவதிலும் ஆகக் கடினமான இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

நம் கண்மாய்கள் வருஷம் முழுக்க நீர் நிற்பவை இல்லை. வடகிழக்குப் பருவமழையில் நிறையும், பெரியாறு பாசனத்தில் வருபவற்றுக்கு வாய்க்காலில் தண்ணீர் விட்டால் நிறையும், அப்புறம் நெல் விளைய விளைய வடியும், மே மாதத்தில் உள்வாயில் ஆடு மேயும். மே மாதப் படத்தைக் காட்டி "இங்கே கண்மாயே கிடையாது, தரிசு நிலம்" என்று ஒருவர் சொல்வார். டிசம்பர் படத்தைக் காட்டி "பாருங்கள் கடல் மாதிரி கிடக்கிறது" என்று நாம் சொல்வோம். இரண்டு படமும் உண்மையான படம்தான். இரண்டு பேரும் தனக்குப் பிடித்த மாதத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

நீர் இல்லை என்பது கண்ணால் கண்டது. கண்மாய் இல்லை என்பது அதிலிருந்து ஒருவர் கருதிக்கொண்டது, இது தவறான கருதல். கண்மாய் என்பது கரை, தண்ணீர் திறந்துவிடும் மடை, மிகுதி நீர் வழியும் கலுங்கு, வரத்துக் கால்வாய், நீர்ப்பிடிப்பு எல்லாம் சேர்ந்தது, நீர் அதற்குள் வந்து போகிறது. ஒன்று இல்லை என்று சொல்ல வேண்டுமானால், அது இருந்திருந்தால் எப்போது, எந்த இடத்தில் தெரிந்திருக்க வேண்டுமோ அங்கே, அப்போது தேடியிருக்க வேண்டும். இல்லாமையை அறிவது பற்றி வாதிட்ட பழைய ஆட்கள் வைத்த நிபந்தனையே இதுதான்: இருந்தால் தெரிந்திருக்கும் என்ற நிலையில் தெரியாமல் போனால் மட்டுமே அது இல்லை. வாதம் நடத்த இது நமக்கு நேராகவே உதவுகிறது. "மே மாதத்தில் நீர் தெரியாதது எதையும் நிரூபிக்காது, நல்ல மழை பெய்த வருஷத்து டிசம்பரிலும் இந்த மூலையில் மட்டும் நீர் ஏறவில்லை என்றால் அங்கே மண் நிரவப்பட்டிருக்கிறது" என்று எழுதிப் பாருங்கள், மனுவின் பலமே மாறிவிடும்.

செய்ய வேண்டியது: குறைந்தது மூன்று மழை வருஷங்களை எடுங்கள், ஒவ்வொன்றிலும் டிசம்பர் அல்லது ஜனவரி முதல் பாதியில் மேகமில்லாத ஒரு படம், அதோடு அதே வருஷத்து மே மாதப் படம் ஒன்று. வறண்ட வருஷத்தையும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஒப்பிடும்போது ஒரே மாதத்தை ஒரே மாதத்தோடு ஒப்பிடுங்கள். அக்டோபர், நவம்பரில் மேகம் விடாது, அப்போது சென்டினல்-1 ரேடார் படம் கைகொடுக்கும், அது மேகத்தைத் தாண்டியும் இரவிலும் பார்க்கும், அமைதியான நீர் அதில் கறுப்பாக வரும். உங்களுக்குச் சாதகமில்லாத படம் வந்தால் அதையும் கோப்பில் வையுங்கள். எதிர்த்தரப்பு அதை எப்படியும் கொண்டுவரும், நீங்களே முதலில் வைத்து விளக்கம் சொல்வதுதான் பலம்.

கண் ஏமாறும் இடங்கள்

1976 ஜூலை 25 அன்று வைக்கிங்-1 செவ்வாயில் எடுத்த ஒரு படத்தில் மனித முகம் மாதிரி ஒரு மேடு தெரிந்தது. சூரியன் தாழ இருந்ததால் விழுந்த நிழல்தான் அது. 1998-இலும் 2001-இலும் மார்ஸ் குளோபல் சர்வேயர் நெருங்கி எடுத்தபோது சாதாரணப் பாறை மேடாக இருந்தது. அதற்குள் எத்தனையோ பேர் அதை வைத்துக் கதை கட்டிவிட்டார்கள். நம் குன்றுகளிலும் இது நடக்கும். சென்டினல்-2 நம் தலைக்கு மேல் காலை பத்தரை மணியை ஒட்டி வருகிறது (பட விவரத்தில் இருக்கும் உலகப் பொது நேரத்தோடு ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்). மதுரை பத்து டிகிரி வடக்கில் இருப்பதால் டிசம்பரில் யானைமலையின் நிழல் வடமேற்கே விழும், ஜூனில் தென்மேற்கே விழும். இரண்டு மாதப் படங்களை வைத்துக்கொண்டு மலையை வெட்டிவிட்டார்கள் என்று சொன்னால், வெட்டியது நிழலாக இருக்கலாம். அது போக, நிழல் விழும் திசையைப் பொறுத்து மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் கண்ணுக்குப் புரளும். சந்தேகம் வந்தால் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், கூகுள் எர்த்தில் சாய்த்தும் பாருங்கள்.

இன்னொரு பெரிய பொறி ஆகாயத்தாமரை. நீரைக் கண்டுபிடிக்க ஒரு குறியீடு உண்டு: பச்சை ஒளியில் வரும் அளவிலிருந்து அகச்சிவப்பில் வரும் அளவைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பது. விடை பூஜ்யத்துக்கு மேலே போனால் பெரும்பாலும் நீர். கோப்பர்நிகஸ் பிரவுசர் இதைத் தானே வரைந்து கொடுக்கும். ஆனால் ஆகாயத்தாமரை மூடிய நீர் இந்தக் கணக்கில் செடியாகத்தான் வரும், நகருக்குள் வைகையே சில மாதங்களில் அப்படித்தான் தெரியும். சீமைக் கருவேலம் மண்டிய உள்வாயும் விளைநிலமும் அகச்சிவப்புப் படத்தில் இரண்டுமே சிவப்பாக வரும். வேறுபாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? கருவேலம் மே மாதத்திலும் சிவப்பாகவே நிற்கும், நெல் வயல் அறுப்புக்குப் பின் வெளிறிவிடும். ஆகாயத்தாமரையோ நேரில் போனால்தான் நிச்சயம்.

எல்லைக்கோடு

படத்தில் தெரிவதை மட்டும் வைத்து ஆக்கிரமிப்பு என்று சொல்ல முடியாது, ஆக்கிரமிப்பு என்பது பதிவேட்டோடு ஒப்பிட்டுச் சொல்ல வேண்டிய வார்த்தை. கிராம வரைபடம், புல எண், புலப்படம், 'அ' பதிவேடு, இவற்றில் கண்மாய்க்கு என்ன பரப்பு எழுதியிருக்கிறது என்று எடுங்கள். அரசின் இணைய சேவையில் சில கிடைக்கும், மற்றவற்றுக்குக் கிராம நிர்வாக அலுவலரிடமோ தாலுகா அலுவலகத்திலோ கேளுங்கள். தரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம், பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள் கெடு, பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு.

இந்த வரைபடங்களை கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் படத்தின் மேல் ஏற்றலாம். ஏற்றும்போது இடம் மாறாத நான்கைந்து புள்ளிகளைப் பிடித்துக்கொள்ளுங்கள்: பழைய மடை, கலுங்கின் மூலை, கோயில், ரோடு சந்திக்கும் இடம், நட்ட சர்வே கல். கூகுள் படங்கள் வருஷத்துக்கு வருஷம் சில மீட்டர் நகர்ந்து உட்காரும், ஆகவே எல்லைக்குள் நான்கு மீட்டர் வந்துவிட்டார் என்று ஒருவரைப் படத்தை வைத்துக் குற்றம் சாட்டாதீர்கள். நான்கு மீட்டர் வேலை சர்வேயருடையது. உங்கள் வேலை அவரை அங்கே வரவைப்பது.

மேலூர்ப் பக்கத்து டங்ஸ்டன் சுரங்க விஷயத்தில் எல்லைக்கோடு என்ன செய்தது என்று பாருங்கள். 2024 நவம்பரில் மத்திய சுரங்க அமைச்சகம் நாயக்கர்பட்டி கனிமத் தொகுதியை ஏலத்தில் கொடுத்தது, பரப்பு 2,015.51 ஹெக்டேர், கிட்டத்தட்ட ஐயாயிரம் ஏக்கர். அந்த எல்லைக்குள் அரிட்டாபட்டியும் வந்தது, அதை 2022-இல்தான் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்திருந்தார்கள். பாரம்பரியத் தலத்தின் பரப்பு சுமார் 193 ஹெக்டேர். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிட்டுப் பார்க்கலாம் என்ற பேச்சும் அப்போது வந்தது. ஊர்க்காரர்கள் அதை ஏற்கவில்லை. நவம்பர் கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள், டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பக்கத்திலிருந்து மதுரைக்குப் பெருங்கூட்டமாக வந்தார்கள், ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது.

படம் சொல்லாத விஷயம்

193 ஹெக்டேரைக் காப்பாற்றினால் போதுமா, ஐயாயிரம் ஏக்கரையும் காப்பாற்ற வேண்டுமா என்ற கேள்விக்கு எந்தச் செயற்கைக்கோளும் பதில் சொல்லாது. எது இருக்கிறது என்பதைப் படம் சொல்லும், எது இருக்க வேண்டும் என்பதை மனிதர்கள்தான் கூடி முடிவு செய்ய வேண்டும். போராட்டத்தில் பலரும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதை நான் பார்க்கிறேன். படத்தை நீட்டிவிட்டு "இதோ ஆதாரம், ஆகவே நிறுத்து" என்கிறார்கள். நடுவில் ஒரு படி விடுபட்டிருக்கிறது: இந்த நீர் யாருக்கு, இந்த மலையிலிருந்து வடியும் சுனையால் எந்தக் கண்மாய் நிறைகிறது, அது போனால் யார் வயல் காயும். மனுவில் அதற்குத் தனிப் பத்தி கொடுங்கள்.

அரிட்டாபட்டி, யானைமலை, கீழவளவு, மாங்குளம், கீழக்குயில்குடி, இந்தக் குன்றுகள் எல்லாவற்றிலும் சமண முனிவர்கள் தங்கியிருக்கிறார்கள், கற்படுக்கைகளும் கல்வெட்டுகளும் சாட்சி. ஒரு பொருளுக்குப் பல பக்கம் உண்டு, எந்த ஒரு கூற்றும் ஏதோ ஒரு நிலையிலிருந்து சொல்லப்படுவதே என்ற அநேகாந்தவாதம் அவர்களுடையது. 1921 செப்டம்பரில் இதே மதுரையில் அரையாடைக்கு மாறிய காந்தி, 1926-இல் எழுதும்போது இந்தக் கொள்கை தனக்கு மிகவும் பிடித்தது என்று வெளிப்படையாகவே சொன்னார். எதிரியின் இடத்தில் நின்று அவர் பார்ப்பதைப் பார்க்க இதுதான் தனக்குக் கற்றுக்கொடுத்தது என்பது அவர் சொன்ன காரணம். தத்துவம் எப்படி அரசியல் செயலாகிறது என்று யாராவது கேட்டால் இதைத்தான் காட்டுவேன். தன் உண்மை முழு உண்மை இல்லை என்று தெரிந்த ஒருவர் உறுதியாகப் போராடவும் முடியும், எதிரியை அடிக்காமல் இருக்கவும் முடியும்.

இதைக் கண்மாய்க்குக் கொண்டுவந்தால் ஒரு கஷ்டமான கேள்வி வரும். உள்வாயில் யார் யார் இருக்கிறார்கள்? படங்களை வருஷ வாரியாக அடுக்கினால் முதலில் வந்தது எது என்று தெரியும். பல இடங்களில் பெரிய கட்டடமும், மனைப்பிரிவும், சில சமயம் அரசுக் கட்டடமுமே முதலில் வந்திருக்கும், ஓரத்தில் குடிசை போட்டவர்கள் கடைசியில் வந்திருப்பார்கள். ஆனால் இடிக்கும் வண்டி முதலில் போவது குடிசைக்கு. உங்கள் படத்தொகுப்பில் குடிசையை மட்டும் வட்டமிட்டுப் பெரிய கட்டடத்தை விட்டுவிட்டால், நீங்கள் நினைக்காவிட்டாலும் அந்த வேலைக்கு உதவியவர் ஆகிறீர்கள். எல்லாவற்றையும் ஒரே வரிசையில் காட்டுங்கள், வந்த காலத்தைக் குறியுங்கள், வீடு இழப்பவர்களுக்கு மாற்று இடம் என்ற கோரிக்கையை மனுவின் உள்ளேயே எழுதுங்கள். தனி ஆட்களின் பெயரைப் பொதுவில் போடாதீர்கள்.

நடந்து போய்ப் பார்ப்பது

படத்தில் குறித்த ஒவ்வொரு இடத்துக்கும் காலால் போங்கள். போனில் ஜிபிஎஸ் போட்டு, இடக்குறி பதியும்படி போட்டோ எடுங்கள், நான்கு திசையும். கரையில் ஆடு மேய்ப்பவர், மடை திறக்கும் நீர்ப்பாய்ச்சி, நாற்று நடும் அம்மாக்கள், இவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். "எந்த வருஷம் கடைசியா மறுகால் போச்சு, அண்ணே?" என்று, அதாவது கண்மாய் நிரம்பிக் கலுங்கில் வழிந்தது எப்போது என்று கேட்டால், அவர் சொல்லும் பதிலில் வருஷம் இருக்காது, "பெரிய மகளுக்குக் கல்யாணம் வச்ச வருஷம்" என்று இருக்கும். அந்த வருஷத்தைக் கேட்டுக்கொண்டு வந்து லேண்ட்சாட்டில் தேடுங்கள். ஊர் உரையும் வானத்துக் காட்சியும் பொருந்தும்போது கிடைக்கும் ஆதாரத்தை அசைப்பது கஷ்டம். பொருந்தவில்லை என்றால் இன்னொருவரிடம் கேளுங்கள், இன்னொரு படம் பாருங்கள், இரண்டில் எதையும் அவசரமாகத் தள்ளாதீர்கள்.

ட்ரோன் விடும் ஆசை வேண்டாம், அவனியாபுரம் பக்கம் விமான நிலையம் இருக்கிறது, அனுமதி விதிகளைப் படிக்காமல் பறக்கவிட்டால் பேச்சு கண்மாயிலிருந்து உங்கள் மேல் திரும்பிவிடும்.

மனுவும் அதன் பின்னும்

மூன்று பக்கத்துக்கு மேல் வேண்டாம். முதல் பக்கத்தில் அந்த ஒற்றை வாக்கியமும் கோரிக்கையும். இரண்டாம் பக்கத்தில் நான்கு படங்கள், ஒவ்வொன்றின் கீழும் செயற்கைக்கோள் பெயர், எடுத்த தேதி, ஒரு புள்ளியின் அளவு, எந்தத் தளத்திலிருந்து இறக்கியது. மூன்றாம் பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள்: கண்டவை, அதிலிருந்து கருதுபவை. "இந்த இடத்தில் வெளிர் நிறப்பரப்பு தெரிகிறது" என்பது கண்டது, "இது கொட்டிய மண்" என்பது கருதியது. "2016 வரை இங்கே நீர் நின்றது என்று ஊரார் சொல்கிறார்கள்" என்பது உரை, அதற்கும் ஓர் இடம் கொடுங்கள். இப்படிப் பிரித்து எழுதிய மனுவில் ஒரு வரி தவறாகிப்போனாலும் மற்றவை நிற்கும்.

கொடுக்கும் இடம்: திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்து மக்கள் குறைதீர் கூட்டம், மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டம், கிராம சபை. பாசனப் பரப்பு நூறு ஏக்கருக்கு மேல் உள்ள கண்மாய்கள் பொதுவாக நீர்வளத்துறையிடம், அதற்குக் கீழே உள்ளவை ஊராட்சி ஒன்றியத்திடம், ஆகவே யாருடைய கண்மாய் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நீர்வளத்துறைக் (முன்பு பொதுப்பணித்துறை) கண்மாய்களுக்கு 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் இருக்கிறது, முதல் கோரிக்கையாக அளந்து எல்லை குறிக்கச் சொல்லுங்கள், அகற்றுவது அதற்குப் பின்னால். பெற்றுக்கொண்ட சீட்டு இல்லாமல் திரும்ப வேண்டாம்.

நீதிமன்றம் வரை போகும் என்று தோன்றினால் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் வைத்திருக்காமல் மூலப் படக்கோப்பையும் இறக்கி, இறக்கிய தேதியைக் குறித்து, அதன் ஹேஷ் மதிப்பையும் (கோப்பு பின்னால் மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்ணெழுத்துக் குறி) எழுதி வையுங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவு மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் கேட்கிறது, அதில் ஹேஷ் மதிப்பும் வரும். கோப்பை நான்கு பேர் கையில் வையுங்கள், அதில் இரண்டு பேராவது ஊரிலேயே இருப்பவர்களாக இருக்கட்டும். அடுத்த டிசம்பர் மழை விட்டதும் அதே இடம், அதே மாதம், இன்னொரு படம் எடுத்துக் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.